மாதா கழுத்தில் சீசர்

1.

இந்தக் கதை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் பிறந்தது. உள்ளொளி, உந்துதல் என்று எதுவும் இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நகராமல் நின்றது, அவ்வளவுதான். பொழுது போகாமல் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் பக்கம் திறந்துகொண்டது. பழைய ரோமாபுரித் தங்கக் காசு ஒன்றின் படம். நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் நீளமான கோல், இன்னொரு கையில் ஒரு கிளை.

படத்தைப் பெரிதாக்கியபோது, பக்கத்து இருக்கையில் ஜெபமாலை போட்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "மாதாவா சார்? எந்த ஊரு மாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் இருக்கையிலிருந்து இன்னொரு அம்மாவின் குரல் வந்தது. மடியில் கீரைக்கட்டு வைத்திருந்தார். "மாதா இல்லீங்க, லட்சுமி. உக்காந்துகினு இருக்குது பாருங்க, கையில பூ வேற."

என் போனை ஆளுக்கொரு தரம் வாங்கிப் பார்த்தபடி, திண்டிவனம் மேம்பாலம் வரை இருவரும் நட்பாகவே வாதாடிக்கொண்டு வந்தார்கள். காசின் மறுபக்கத்தை நான் காட்டவில்லை. மறுபக்கத்தில் ஓர் ஆணின் தலை. திபேரியு சீசர். இயேசுவைச் சிலுவையில் அறைந்தபோது ரோமாபுரியை ஆண்டுகொண்டிருந்த மன்னன். காட்டியிருந்தால் பேச்சு அங்கேயே செத்திருக்கும், எனக்கும் கதை கிடைத்திருக்காது.

(இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு காசை நான் கையால் தொட்டதில்லை. அந்த வகைக் காசு உலகத்தில் உண்டு. இனி வரும் ஊரும் கோயிலும் மனிதர்களும் நான் கட்டியவை. ஊருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வைத்தால் யாராவது வண்டி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டுவார்கள்.)

2.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "தங்கச்சாலையில் அடிமை ஒருவன் சம்மட்டியை ஓங்கினான். அவன் அறியான், அந்தக் காசு ஏழு கடல் தாண்டி—"

அவன் அறியான் என்பது இருக்கட்டும், நானும் அறியேன். படித்துப் பார்த்ததில் இந்த வகைக் காசு ரோமாபுரியிலேயே அடிக்கப்படவில்லையாம், இன்றைய பிரான்சில் உள்ள ஓர் ஊரில் அடித்தார்களாம். நான் ரோமாபுரி வெயிலை வர்ணித்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்தது: "பச்சைமுத்து மல்லாட்டை விதைக்கக் கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோது கொழுமுனையில் ஏதோ நங்கென்று—"

புதையல் என்று எழுதினால் உடனே வி.ஏ.ஓ. வருவார், தாசில்தார் வருவார், பின்னாலேயே டி.வி.க்காரர்கள் வருவார்கள். கதை அவர்கள் கைக்குப் போய்விடும். பச்சைமுத்துவுக்குப் பேட்டி கொடுக்கவே நேரம் சரியாக இருக்கும்.

மூன்றாவது: "அஞ்சம்மாள் தாலிக்கயிற்றில் கை வைத்தாள்."

இதில் கடலும் இல்லை, கொழுமுனையும் இல்லை. ஆனால் இதை எழுதியதும் எனக்கு அடுத்த வரி தெரிந்தது.

3.

அஞ்சம்மாள் தாலிக்கயிற்றில் கை வைத்தாள். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவுக்கு வெளியே உள்ள வராந்தா. உள்ளே அவள் கணவன் பச்சைமுத்து கிடந்தான். கிணற்று மோட்டாரில் கை வைத்தவனைக் கரண்ட் தூக்கி வரப்பில் அடித்திருந்தது. "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். நல்ல சேதி இருந்தால் டாக்டர் அவ்வளவு சுருக்கமாகப் பேசமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

அய்யனாருக்குக் கெடா வேண்டியாகிவிட்டது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாகச் சொல்லியாகிவிட்டது. இன்னும் சொல்லாத சாமி யார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஞானமேரி கண்ணில் பட்டாள். அடுத்த தெருக்காரி. வேதக்காரக் குடும்பம். ஆம்புலன்சில் அஞ்சம்மாளோடு ஏறி வந்தவள் அவள் ஒருத்திதான்.

"மேரி, உங்க மாதாவுக்கு இன்னா குடுத்தா புடிக்கும்?"

"அது ஒண்ணும் கேக்காதுக்கா. மனசார வேண்டிக்க, போதும்."

"சும்மா வேண்டிக்கினா எப்பிடி? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு கேக்கறது?"

தாலிக்கு ஒரு பக்கம் குண்டு, மறுபக்கம் ஒரு காசு. கல்யாணத்தில் அம்மா வீட்டார் கோத்துப் போட்டது. அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது. ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சின்னது, ஆனால் நல்ல கனம். லட்சுமி காசு என்றார்கள். பெண் உருவம் வெளியே தெரிய, ஆண் தலை நெஞ்சைத் தொடப் போட்டுக்கொள்வது வழக்கம். அந்த ஆண் தலையைப் பெருமாள் என்றே அஞ்சம்மாள் நினைத்திருந்தாள். லட்சுமிக்குப் பின்னால் வேறு எவன் வந்து உட்காரப் போகிறான்?

அவள் கயிற்றின் முடிச்சைத் தேடுவதைப் பார்த்து ஞானமேரி பதறிப்போனாள். "யக்கா! தாலில கை வெக்காத. அவுரு உள்ள அப்பிடி கெடக்கறப்ப..."

"தாலிய எங்கடி அவுக்கறேன்? காச மட்டுந்தான். எங்க வூட்டு லட்சுமிய உங்க மாதாகிட்ட அனுப்பறேன். ரெண்டு பொம்பளைங்களும் பேசி எதனா ஒரு வழி பண்ணட்டும்."

கையில் வாங்கிய காசை ஞானமேரி டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "யக்கா, இது மாதாவேதான். கையில லீலிப்பூ வெச்சிருக்குது பாரு."

பச்சைமுத்து பிழைத்தான். டாக்டர்கள் பிழைக்க வைத்தார்கள் என்று நான் எழுதுவேன். அஞ்சம்மாளைக் கேட்டால் வேறு சொல்வாள். கதை அவளுடையது என்பதால் இந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

4.

ஊரில் சகாய மாதா கோயில் இருக்கிறது. திருவிழாவுக்கு மாதா சுரூபத்துக்குப் புதுச்சேலை கட்டுவதும் நகை பூட்டுவதும் ஞானமேரியின் வேலை. அந்த வேலைக்கு அவள் யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். மறு வருஷத் திருவிழாவில் அஞ்சம்மாளின் காசைச் சிவப்புக் கயிற்றில் கோத்து மாதாவின் கழுத்தில் கட்டினாள். எல்லா நகைக்கும் மேலே, தனியாக. யாரோ போட்டோ எடுத்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். விழுப்புரத்தில் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தும் ஸ்டீபன்ராஜ் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். இதே ஊர்க்காரன்.

[ஸ்டீபன்ராஜ் விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. முதல் வரைவில் அவன் பேருக்கு அலைகிறவன். காசைக் கண்டுபிடித்ததாகப் பத்திரிகையில் படம் வரவேண்டும் அவனுக்கு. அடுத்த வரைவில் பரம சாது, பேசவே பயப்படுகிறான். இரண்டு பேரும் எனக்குப் பிடிக்கவில்லை. தெரிந்த ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன் என்று இப்போது வைத்திருக்கிறேன். இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் இவனுக்குத்தான் சவரம் செய்கிறேன்.]

தேர்த் திருவிழா அன்று பிற்பகலில் அவன் வந்து சேர்ந்தான். பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் மாதா சுரூபம் சேலை கட்டித் தயாராக நின்றது. பங்குச்சாமியாரும் ஞானமேரியும் இருந்தார்கள். ஸ்டீபன்ராஜ் ஸ்டூலில் ஏறி, காசைத் தொடாமல், போன் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் பார்த்தான். இறங்கியதும் சாமியார் பக்கம் திரும்பினான்.

"சாமி, இது திபேரியு சீசர்."

"எந்த சீசர்?"

"அந்த சீசர்தான் சாமி. ஆண்டவருக்குத் தீர்ப்பு சொன்ன பிலாத்துக்கு மேல இருந்தவன். வரி கட்டலாமான்னு கேட்டப்ப ஆண்டவர் ஒரு காச வாங்கிப் பாத்து, இது யாரு உருவம்னு கேட்டாரே, அவன். இது அவனோட தங்கக் காசு."

சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சுத்தி என்னமோ எழுதியிருக்கே?"

"'திபேரியு சீசர், தெய்வமான அகுஸ்துவின் மகன்'."

"தெய்வத்தோட மகன்னா போட்டிருக்கு?"

"ஆமாங்க சாமி. இவனுக்கு முந்தின ராஜா அகுஸ்து. செத்த ராஜாவ தெய்வமாக்கிடுவாங்க. அடுத்து வர்றவன் தெய்வத்தோட மகன் ஆயிடுவான். மறுபக்கம் 'தலைமைக் குரு'ன்னு இருக்கு."

"அது போப்பாண்டவருக்குப் போடற பட்டம்பா."

"அந்தப் பட்டமே இந்த ராஜாங்க கிட்டருந்து வந்ததுதானுங்களே."

சாமியார் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஞானமேரிக்குப் பட்டமும் எழுத்தும் காதில் ஏறவில்லை. பிலாத்து என்ற பெயரிலேயே அவள் நின்றுவிட்டாள். "தம்பி, இந்தக் காசுல இருக்கறவன்தான் ஆண்டவர கொன்னவனா?"

"அவன் நேரா கொல்லலக்கா. அவன் ஆட்சியில..."

"புள்ளய கொன்னவன் தலைய அம்மா கழுத்துல கட்டிட்டனே! இந்தக் கையால முடி போட்டனே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு பழைய ஒரு மரணத்துக்கு அன்றைக்குத்தான் நடந்ததுபோல் ஒருத்தி அழுவதை ஸ்டீபன்ராஜ் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: சீசரின் கன்னத்தில் உளியால் வெட்டிய தடம் ஒன்று இருக்கிறது. தென்னாட்டில் கிடைத்த இந்த மாதிரிக் காசுகள் பலவற்றில் மன்னன் தலையில் இப்படி வெட்டு உண்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்கிறார்கள் சிலர். இது இனிச் செல்லாது, எடைக்குத்தான் என்று காட்டினார்கள் என்கிறார்கள் வேறு சிலர். அயல்நாட்டான் மூஞ்சி பிடிக்கவில்லை என்பாரும் உண்டு. யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இந்த வெட்டை வைத்து நான் அருமையாக ஒரு பக்கம் எழுதினேன். ஞானமேரி அழுதுகொண்டிருக்கும்போது அது எடுபடவில்லை, எடுத்துவிட்டேன்.]

5.

விஷயம் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. தேர் புறப்படுவதற்குள் காசைக் கழற்றிவிட வேண்டும், பிறகு பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்தைக் கேட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நியாயமான பேச்சுதான். கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கழற்றக்கூடாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அஞ்சம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பட்டுச்சேலையில், தலைநிறையப் பூவோடு வந்தாள். காசு மாதாவின் மேல் ஊர்வலம் போவதைப் பார்க்க வந்தவள்.

"அக்கா, உங்க காசு சாதாரண காசு இல்ல. ஆனா அதுல இருக்கறது மாதா இல்லீங்க" என்று ஸ்டீபன்ராஜ் தொடங்கினான்.

"லட்சுமிதான? அன்னிக்கே மேரிகிட்ட சொன்னனே."

"லட்சுமியும் இல்லக்கா. முன்னாடி தலையா இருக்கறது ரோமாபுரி ராஜா. பின்னாடி உக்காந்திருக்கறது அவனோட அம்மான்னு சொல்றாங்க. அந்த ராஜா காலத்துலதான் இயேசுவ சிலுவையில அறைஞ்சாங்க."

அஞ்சம்மாள் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "அம்மாவும் புள்ளயுமா இருக்காங்கன்னா, புள்ளய பறிகுடுத்தவகிட்ட வந்து அந்த அம்மாக்காரி மன்னிப்பு கேக்கறா போல."

6.

மேலே உள்ள வரியை எழுதியதும் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன். அவ்வளவு திருப்தி. படித்தவர்கள் வாயடைத்து நிற்க, நிலத்தில் பாடுபடுகிறவள் ஒரே வரியில் எல்லாவற்றையும் முடித்துவைக்கிறாள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். காபி ஆறுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. அது அஞ்சம்மாள் பேசியதில்லை, நான் பேசியது. என் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன், அதுவும் பட்டுச்சேலைக்கு மேலே. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அவள் உண்மையில் கேட்டது இதுதான்:

"அத கழட்டினா எங்க வூட்டுக்காரருக்கு எதனா ஆவுமா?"

சாமியார் எழுந்து வந்தார். "ஒண்ணும் ஆவாதும்மா. மாதா அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க."

"மாதா பண்ணாது சாமி. அது எனக்குத் தெரியும்." அஞ்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ராஜா பண்ணுவானா?"

ஸ்டீபன்ராஜ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. காசில் தலையைப் பொறித்து, சுற்றிலும் தெய்வத்தின் மகன் என்று எழுதி, எங்கெங்கோ அனுப்பினார்களே, எதற்கு? தூரத்தில் இருக்கிறவனும் பயப்படவேண்டும் என்றுதான். அந்தச் சாம்ராஜ்யம் மண்ணாகி எத்தனையோ காலம் ஆயிற்று. திண்டிவனம் பக்கத்தில் ஒருத்தி இன்றைக்கு அவனுக்குப் பயந்து நிற்கிறாள். காசை அடித்தவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

"அவன் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுக்கா" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"செத்தவன்தான தம்பி சாமியாவறான். நீதான சொன்னியாம்" என்றாள் அஞ்சம்மாள்.

7.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) கழற்றுகிறார்கள். காசு அருங்காட்சியகத்துக்குப் போகிறது. கண்ணாடிப் பெட்டி, நீல வெல்வெட், சின்ன விளக்கு, கீழே ஓர் அட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்க்கிறார்கள். அஞ்சம்மாளையும் பார்க்க அழைத்துப் போகிறார்கள். பச்சைமுத்து கூட வரவில்லை, ஏனென்றால் போன மாசம் அவன்—

இதை எழுதவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கை பாட்டுக்கு எழுதியது. நிறுத்தினேன்.

ஆ) ஞானமேரி யாருக்கும் தெரியாமல் காசை அவிழ்த்துக்கொண்டு கோயில் பின்னால் உள்ள துவைக்கிற கல்லுக்குப் போகிறாள். சீசரைக் கல்லில் வைத்துத் தேய்க்கிறாள். மூக்கு போகிறது. தலையில் சூடிய இலைமாலை போகிறது. எழுத்து போகிறது. விரல் தோலும் கூடவே உரிகிறது. பெண் உருவம் மட்டும் மிச்சம் இருக்கிற காசைத் திரும்பவும் மாதா கழுத்தில் கட்டுகிறாள். ஸ்டீபன்ராஜ் கல்லில் ஒட்டிய பொன்துகளைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுகிறான். எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கேள்விப்பட்டதும் அஞ்சம்மாள் வீட்டுக்கு ஓடுகிறாள், எதற்கோ ஓடுகிறாள், வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள், நடுவில்—

இல்லை.

இ) கழற்றவில்லை. காசோடு தேர் போகிறது. பச்சைமுத்துவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறான். ஆனால் ஞானமேரி தேருக்குப் பின்னால் வரவில்லை. அறைக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வருஷம் மாதாவுக்குச் சேலை கட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறாள். ஆம்புலன்சில் கூட ஏறிய ஒரே ஆள் அவள்தான். அவளைத் தெருவில் கண்டால் அஞ்சம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இதையும் முடிக்க முடியவில்லை.

எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை கிடையாது. பச்சைமுத்துவை உயிரோடு வைத்திருப்பது மாதாவும் இல்லை, சீசரும் இல்லை, நான்தான். 'நன்றாக இருக்கிறான்' என்று நான் எழுதினால் இருக்கிறான். இவ்வளவு சுலபம். இருந்தும் காசைக் கழற்றுகிற வாக்கியத்தை எழுதினால் அடுத்த வாக்கியத்தில் அவன் சாகிறான். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன், திரும்பச் செத்தான். காகிதத்து மனிதன்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பயமாக இருக்கிறது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

8.

ஆகவே நான் வைத்திருப்பது இவ்வளவுதான்.

மாலைப் பூசை முடிந்துவிட்டது. வெளியே தேர் ஜோடித்து நிற்கிறது. பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காமல் காத்திருக்கிறார்கள். சாமியார், முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெண்கள் இருவரிடமும் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நல்ல மனிதர், நானும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

அறைக்குள் ஞானமேரி ஸ்டூலில் ஏறி நிற்கிறாள். கண் வீங்கியிருக்கிறது. மாதாவின் பின்கழுத்தில் சிவப்புக் கயிற்றின் முடிச்சில் அவள் விரல்கள் இருக்கின்றன. ஸ்டூல் ஆடாமல் இருக்க அஞ்சம்மாள் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"யக்கா, அவுக்கட்டா, வேணாமா? நீ வேணாம்னா நான் அவுக்கல. ஜல்தி சொல்லு, தேரு நிக்குது."

அஞ்சம்மாள் ஞானமேரியைப் பார்க்கவில்லை. சுரூபத்தையும் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் பார்க்கிறாள். என்னிடம் பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்னைத் தாண்டி உங்களைப் பார்க்கிறாள். நீங்கள் சொல்வதை அவள் அப்படியே ஞானமேரியிடம் சொல்லிவிடுவாள். அவிழ்க்கலாம் என்றால் ஒரு மனுஷிக்கு மனசு ஆறும், ஓர் அரிய காசு பத்திரமாக இருக்கும், அநேகமாக யாருக்கும் ஒன்றும் ஆகாது. அநேகமாக என்பதற்கு மேல் நான் உத்தரவாதம் தரமுடியாது.

சொல்வதற்கு முன் சன்னல் வழியாக வெளியே ஒரு தரம் பாருங்கள். தேருக்குத் தோள் கொடுக்கிற ஆண்கள் வரிசையில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவன் நிற்கிறான். கரண்ட் அடித்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை, மற்றக் கையால் தண்டைப் பிடித்திருக்கிறான். உள்ளே நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிடுகிறான்.

"அஞ்சம்மா! உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கற? வெளிய வா, தூக்கப் போறோம்!"